கையால் தள்ளியே ட்ரெய்லரைக் கொல்லைப்புறம் கொண்டுபோக முடியுமா? ஜாக்கிச் சக்கரம் தாங்குமா?

கூடாரவாசி (ஒன்டாரியோ)

வணக்கம். போன மாதம் ஒரு பழைய போலர் ட்ரெய்லர் வாங்கினோம், காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டுபோய் உள்ளே தங்கும் வண்டி. 13 அடி நீளம், 1970களில் செய்தது, பார்ப்பதற்கு வெள்ளை முட்டைக்குச் சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். உள்ளே இருக்கும் சாமான்களோடு குப்பைக் கிடங்கு எடைமேடையில் ஏற்றிப் பார்த்தேன்: 590 கிலோ.

பிரச்சினை நிறுத்தும் இடம். ட்ரைவ்வே (வீட்டுக்குக் கார் வரும் பாதை) வீட்டிலிருந்து தெருவை நோக்கிச் சரிகிறது, 9 மீட்டர் நீளம். அதன் மேல்முனையிலிருந்து வலப்பக்கம் திரும்பி, வேலிக் கதவு வழியாக, 14 மீட்டர் புல்தரை தாண்டிக் கொல்லைக்குப் போக வேண்டும். கதவு 8 அடி அகலம், ட்ரெய்லர் ஆறரை அடி. காரை வைத்துப் பின்னுக்குத் தள்ளிப் பார்த்தேன், அந்தத் திருப்பத்தில் காருக்கு இடமே இல்லை.

முன்பக்கத்தைத் தாங்கி நிற்கும் ஜாக்கியின் அடியில் 6 அங்குல பிளாஸ்டிக் சக்கரம் ஒன்று இருக்கிறது. காரிலிருந்து கழற்றி, அந்தச் சக்கரத்தில் நிறுத்தி, நானும் மனைவியும் தள்ளினால் போகுமா? யாராவது செய்திருக்கிறீர்களா?

டெக்சாஸ்காரன்

தாராளமாகப் போகும். என்னுடையது 17 அடி காசிட்டா ட்ரெய்லர், உங்களுடையதைப் போல இரண்டு மடங்கு எடை. ஷெட்டுக்குள் தனி ஆளாகத் தள்ளி விடுகிறேன். ஜாக்கிச் சக்கரம் எதற்கு இருக்கிறது, அதற்குத்தானே. ரொம்ப யோசிக்காதீர்கள்.

மிச்சிகன் மாமா

டெக்சாஸ் தம்பி, உன் ஷெட்டின் தரை என்ன? சமதளமான கான்கிரீட். அவர் சொல்வது சரிவு. இரண்டும் ஒன்றா?

என் கதையைக் கேளுங்கள். ஆறேழு வருடம் முன்பு, என்னுடையது 2,900 பவுண்டு, அதாவது 1,300 கிலோ சொச்சம். எங்கள் ட்ரைவ்வே பார்த்தால் சமமாகத்தான் தெரியும். மைத்துனர் வந்திருந்தார். இரண்டு பேர் இருக்கிறோமே, இரண்டடி நகர்த்தினால் கராஜ் கதவு திறக்கும் என்று முட்டுக்கட்டையை எடுத்தோம். நகர்ந்தது. நாங்கள் தள்ளியதால் இல்லை. அதுவாகவே.

முதல் இரண்டு விநாடி சிரித்துக்கொண்டே பிடித்தோம். அப்புறம் சிரிக்க முடியவில்லை. மைத்துனர் கப்ளரை (காரோடு மாட்டும் முன்முனையை) பிடித்துக்கொண்டு பின்னாலேயே வழுக்கிக்கொண்டு போகிறார், நான் "விடுங்க, விடுங்க" என்று கத்துகிறேன். ட்ரைவ்வேயும் தெருவும் சேரும் இடத்தில் ஓர் அங்குலப் பிளவு. அதில் ஜாக்கிச் சக்கரம் மாட்டியது, ஜாக்கி குழாயோடு மடங்கியது, முன்மூக்கு தரையில் விழுந்து தார் ரோட்டைக் கீறிக்கொண்டு போய் எதிர்வீட்டுத் தபால் பெட்டியைச் சாய்த்துவிட்டு நின்றது. யாருக்கும் அடி இல்லை. தெருவில் அந்த நேரம் குழந்தைகள் சைக்கிள் ஓட்டவில்லை, அவ்வளவுதான்.

அந்தத் தார்க் கீறல் இன்னும் இருக்கிறது. விருந்தாளி வந்தால் மைத்துனர் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டுவார்.

கணக்குப்பிள்ளை

உணர்ச்சிவசப்படாமல் எண்ணிப் பார்ப்போம். கூடாரவாசி, ஒரு மீட்டர் நீளமான நேர்ச்சட்டத்தை ட்ரைவ்வேயில் வைத்து, மட்டம் பார்க்கும் குமிழி நடுவுக்கு வரும்வரை தாழ்ந்த முனையைத் தூக்குங்கள். எத்தனை சென்டிமீட்டர் தூக்கினீர்களோ அதுதான் சரிவின் சதவீதம். அதைச் சொல்லாமல் "முடியுமா" என்று கேட்டால் யாரும் பதில் சொல்ல முடியாது.

கூடாரவாசி

அளந்துவிட்டேன். சரியாக 4 சென்டிமீட்டர். மாமாவின் கதையைப் படித்துவிட்டு மனைவி "நான் வரவில்லை" என்று சொல்லிவிட்டார்.

கணக்குப்பிள்ளை

அப்படியானால் 4%. 590 கிலோவில் 4% என்றால் 24 கிலோ. இது சரிவு மட்டும் கீழே இழுக்கும் விசை. தார்ப்பரப்பில் நல்ல காற்றழுத்தத்தோடு இருக்கும் டயர் உருள ஏறக்குறைய எடையில் 1.5% வேண்டும், அது 9 கிலோ. மேலே ஏற்ற இரண்டையும் கூட்டுங்கள்: 33 கிலோ. இரண்டு பேர் கொடுக்கக்கூடிய விசைதான்.

இறங்கும்போது கதை மாறுகிறது. 24லிருந்து 9 போனால் மீதி 15 கிலோ, யாரும் தொடாமலே கீழே இழுத்துக்கொண்டிருக்கும். சரிவு 1.5%க்கு மேல் போன எந்த இடத்திலும் ட்ரெய்லர் தானாக ஓடும். மாமாவின் ட்ரைவ்வே கண்ணுக்குச் சமமாகத் தெரிந்திருக்கும். 2% சரிவைக் கண் பிடிக்காது.

இன்னும் ஒன்று. மேல்முனையில் கைவிட்டுப்போனால், 9 மீட்டர் இறங்கித் தெருவுக்கு வரும்போது வேகம் விநாடிக்கு 2 மீட்டர் சொச்சம். மணிக்கு 8 கிலோமீட்டர்கூட இல்லை, மெல்ல ஓடும் சைக்கிள் வேகம். ஆனால் அதை அரை மீட்டருக்குள் நிறுத்த ஏறக்குறைய 260 கிலோ விசை தேவை. சரிவிலேயே பாதி வேகத்தில், அதாவது நடக்கும் வேகத்தில் பிடித்தால் ஏறக்குறைய 80 கிலோ போதும். முதல் ஒரு மீட்டருக்குள் பிடிக்க முடியாததை அதற்குப் பிறகு பிடிக்கவே முடியாது.

டெக்சாஸ்காரன்

சரி, சரிவு இருக்கிறது என்பதை நான் கவனிக்கவில்லை. வாபஸ். ஆனால் அதற்குத்தான் பேட்டரியில் ஓடும் ட்ரெய்லர் மூவர் (நகர்த்தும் மெஷின்) விற்கிறார்களே? ரிமோட்டை அழுத்தினால் போகிறது.

ஸ்கார்பரோ அண்ணை

தம்பி, அந்த மெஷினுக்கு விலை கூட. வருஷத்துக்கு இரண்டு தரம் நகர்த்துறதுக்கு அது வேண்டாம்.

கூடாரவாசி, முன்பாரம் எவ்வளவு என்று பார்த்தீங்களோ? ஊரிலே நாங்கள் லாண்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டியிலே நெல்லு மூட்டை ஏற்றும்போது முதலிலே பார்க்கிறது அதைத்தான். பின்னுக்குப் பாரம் கூடினால் கழற்றினவுடனே முன்பக்கம் மேலே கிளம்பும், நாடியிலே அடிக்கும். முன்னுக்குக் கூடினால் ஒருவராலும் அசைக்க ஏலாது. மொத்த எடையிலே 10இலிருந்து 15 வீதம் முன்னுக்கு இருக்கவேணும் என்று இங்கே சொல்லுறதும் அதே கணக்குத்தான். குளியலறைத் தராசை எடுத்து அதுக்கு மேலே ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கப்ளரை அதிலே இறக்கிப் பாருங்கோ.

முக்கியமாக ஒன்று: கழற்றி நிற்கும்போது ஒருவரும் உள்ளே ஏறக்கூடாது. உங்கடை ட்ரெய்லரிலே மேசையும் பெரிய படுக்கையும் பின்பக்கம். பெரிய ஆட்கள் இரண்டு மூன்று பேர் அங்கே போய் இருந்தால் ஜாக்கிச் சக்கரம் தரையை விட்டு எழும்பலாம்.

கூடாரவாசி

அண்ணை, 63 கிலோ காட்டியது. தராசு கொஞ்சம் முனகியது.

ரெஞ்சு ராணி (அல்பர்ட்டா)

இதுவரை எல்லோரும் தள்ளுவதைப் பற்றித்தான் பேசியிருக்கிறீர்கள். அந்த ஜாக்கியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் ட்ரெய்லர் ரிப்பேர் செய்கிறவள், மடங்கிய ஜாக்கிகளை மாதம் ஒன்றாவது பார்க்கிறேன்.

ஜாக்கியின் மேல் 1,000 பவுண்டு, 1,200 பவுண்டு என்று எழுதியிருக்கும். அது நேராக நின்று மேலே தூக்கும் எடை. பக்கவாட்டில் தள்ளும்போது தாங்கும் எடை இல்லை. கழியை மண்ணில் நட்டுத் தலையைப் பிடித்துத் தள்ளுவது போலத்தான் நீங்கள் அதைத் தள்ளுகிறீர்கள். கழி எவ்வளவு நீளமோ அவ்வளவு சுலபமாக முறியும். ஆகவே நகர்த்தும்போது முன்மூக்கை எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக வையுங்கள். உள்குழாய் நான்கு விரல் நீண்டிருந்தால் போதும். மாமாவின் ஜாக்கி அன்று எவ்வளவு நீட்டியிருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது, சக்கரம் திரும்பும் குணம். சூப்பர்மார்க்கெட் வண்டியின் முன்சக்கரம் போலத்தான் இதுவும், போகும் திசைக்குப் பின்னால் வால் மாதிரி வரும். திசையை மாற்றினால் சக்கரம் அரை வட்டம் சுற்றித் தன் இடத்துக்கு வர வேண்டும். அப்படிச் சுற்றும்போது முன்மூக்கு திடீரென்று ஒரு பக்கம் ஒதுங்கும், கதவுத்தூண் பக்கத்தில் இருந்தால் விரல் போய்விடும். பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்து முன்னோக்கி இழுக்கப் போகிறீர்கள் என்றால், நிறுத்தி, முட்டுக்கொடுத்து, ஜாக்கியைக் கொஞ்சம் தூக்கிச் சக்கரத்தைக் கையால் திருப்பிவிட்டு அப்புறம் இழுங்கள்.

மூன்றாவது, மடக்கும் வகை ஜாக்கியா? அதில் இழுத்துத் திருப்பும் பூட்டுமுளை இருக்கும். அது துளைக்குள் முழுவதும் இறங்கியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். "டக்" என்ற சத்தத்தை நம்பாதீர்கள். துரு பிடித்த முளை பாதியில் நின்றாலும் அதே சத்தம்தான் வரும்.

நான்காவதைப் போலர்காரர்களுக்கு மட்டும் சொல்கிறேன். குனிந்து சட்டத்தைப் பாருங்கள். முன்நீட்டல் வண்டிக்கூட்டுக்கு அடியில் நுழைகிற இடத்தில் பழைய போலர்களில் விரிசல் விழும். விரிசல் இருந்தால் முதலில் வெல்டிங், அப்புறம் மற்றதெல்லாம்.

தள்ளும்போது ஃபைபர்கிளாஸ் உடம்பில் கை வைக்காதீர்கள், சன்னல் ஓரத்தில் வைக்கவே வேண்டாம். கப்ளர், சட்டம், டயர், இந்த மூன்றில்தான் கை.

கூடாரவாசி

டயரா? எப்படி?

ரெஞ்சு ராணி

டயரின் உச்சியைப் பிடித்துச் சுழற்றுங்கள். சட்டத்தைத் தள்ளுவதில் பாதி பலம் போதும், கை மட்டும் இரண்டு மடங்கு தூரம் போகும். என் அப்பா சேற்றில் சிக்கின மாட்டுவண்டியை ஆரக்காலைப் பிடித்துத்தான் கிளப்புவார். வண்டிச் சட்டத்தைத் தள்ளுகிறவனைப் பார்த்தால் திட்டுவார். கிளம்பும் முதல் ஓர் அடிக்குத்தான் இது. உருண்டபிறகு கையை எடுத்துவிடுங்கள், மட்கார்டு இடுக்கில் மாட்டும்.

லண்டன் லாரி

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். இங்கே பிரிட்டனில் இதற்குப் பெயரே ஜாக்கி வீல்தான். தூக்குகிற ஜாக்கி இல்லை, குதிரை ஓட்டுகிற ஜாக்கி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது! எங்கள் காரவன்களில் கப்ளருக்குப் பக்கத்திலேயே கைப்பிரேக் இருக்கும், தள்ளும்போது ஒருவர் கை அதன் மேலேயே இருக்கும். உங்கள் பக்கம் அது ஏன் இல்லை?

மிச்சிகன் மாமா

இங்கே பெரிய ட்ரெய்லர்களில் மின்பிரேக், காரில் இருந்து கரண்ட் வந்தால்தான் பிடிக்கும். கழற்றிவிட்டால் கைப்பிரேக் என்று எதுவும் கிடையாது. ஆனால் பிரேக்அவே என்று ஒரு சின்னக் கம்பி இருக்கிறது. ட்ரெய்லர் அறுந்துபோனால் அது இழுபட்டு, ட்ரெய்லரின் சொந்த பேட்டரியில் பிரேக் பிடிக்கும். தபால் பெட்டி சம்பவத்துக்குப் பிறகு நான் நகர்த்தும்போதெல்லாம் என் பெண் அந்தக் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டே கூட நடப்பாள். "அப்பா" என்று கத்தினால் இழுத்துவிட்டாள் என்று அர்த்தம்.

டெக்சாஸ்காரன்

இதை நான் யோசித்ததே இல்லை. அப்படியானால் கம்பியை இழுத்துவிட்டு இரவு முழுதும் நிறுத்திவைக்கலாமே?

ரெஞ்சு ராணி

கூடாது. அமெரிக்க விதியே 15 நிமிடமாவது பிடித்திருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது, ராத்திரி முழுதும் இல்லை. விட்டுவைத்தால் பேட்டரி தீரும், பிரேக்கின் காந்தச் சுருள் சூடாகிக் கருகும். பேட்டரி தீர்ந்த நிமிடம் வண்டி ஓடத் தொடங்கும். அவசரத்துக்கு இழுத்தீர்களா, உடனே முட்டுக்கட்டை வைத்துவிட்டுத் திரும்பச் செருகுங்கள்.

கூடாரவாசி

என்னுடையதில் பிரேக்கே கிடையாது. ஒன்டாரியோவில் மொத்த எடை 1,360 கிலோவுக்கு மேல் போனால்தான் ட்ரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். ஆகவே இழுக்கக் கம்பியும் இல்லை, பிடிக்கக் கைப்பிரேக்கும் இல்லை.

திருவாரூரான்

பிரேக் இல்லையா? கவலையை விடுங்கள். எங்கள் ஊர் ஆழித்தேருக்கும் காலங்காலமாகப் பிரேக் இல்லை. அலங்காரத்தோடு 96 அடி உயரம், 300 டன். திருச்சி பெல் (BHEL) நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் வைத்துக்கொடுத்ததெல்லாம் நம் காலத்தில். அதற்கு முன்னால் அதை நிறுத்தியதும் திருப்பியதும் முட்டுக்கட்டைதான்.

சின்ன வயதில் எல்லோரும் வடம் பிடிக்க ஓடுவார்கள், நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் கட்டையோடு நிற்பவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்கள் தேரை நிறுத்தவேண்டிய நேரம் வரும்போது கட்டையைத் தேடுவதில்லை. சக்கரத்தை விட்டு ஒரு சாண் தூரத்தில் கட்டை எப்போதும் கூடவே வந்துகொண்டிருக்கும். தேர் நகர நகர அதுவும் நகரும். நிற்கவேண்டும் என்றால் சக்கரம் ஒரு சாண் உருண்டு தானே கட்டையில் ஏறி நிற்கும்.

மாமா அன்று செய்த தவறு முட்டுக்கட்டையை எடுத்தது இல்லை. எடுத்துத் தூரப் போட்டது.

இரண்டு கட்டை செய்யுங்கள், ஆப்பு வடிவத்தில். ஒவ்வொன்றிலும் நீளமான துடைப்பக்கட்டையை ஆணியடித்துவிடுங்கள், நின்றபடியே தள்ளிக்கொண்டு போகலாம், குனிய வேண்டாம், கை டயருக்குக் கீழே போகாது. ஏற்றத்தில் பின்சரிவுப் பக்கமாக இரண்டு டயருக்கும் ஓர் ஆள் வீதம். அவர்கள் தள்ளக்கூடாது, கட்டை மட்டும்தான் அவர்கள் வேலை. தள்ளுகிறவனுக்கு இதையும் கொடுத்தால் அவன் தள்ளுவதைத்தான் பார்ப்பான்.

திருப்புவதற்கும் அதுவே உதவும். வலப்பக்கம் திரும்ப வேண்டுமா, வலது டயருக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்துவிட்டு முன்மூக்கைச் சுற்றித் தள்ளுங்கள். அந்த டயரை அச்சாக வைத்து வண்டி சுழலும்.

மிச்சிகன் மாமா

பத்தடி தள்ளிப் புல்லில் கிடந்தது அந்தக் கட்டை. ஒப்புக்கொள்கிறேன்.

புல்வெளி (மில்டன்)

ட்ரைவ்வேயைப் பற்றி நிறையப் பேசிவிட்டீர்கள். 14 மீட்டர் புல்லை என்ன செய்யப் போகிறார்? போன வருடம் நான் முயன்றேன். டயர் போகிறது, ஜாக்கிச் சக்கரம் உழுதுகொண்டு போகிறது. 6 அங்குலச் சக்கரத்தில் 60 கிலோ, அதுவும் கடினமான பிளாஸ்டிக். மழை பெய்த மறுநாள். கேட்கவா வேண்டும்.

கணக்குப்பிள்ளை

புல்லில் 1.5% என்பது 8, 10% ஆகிவிடும். 590 கிலோவுக்கு ஏறக்குறைய 60 கிலோ. சரிவே இல்லாமல், ட்ரைவ்வே ஏற்றத்தைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கடினம்.

ரெஞ்சு ராணி

10 அங்குலக் காற்றடிக்கும் சக்கரம் வைத்த கை டோலி ஒன்றை எங்காவது இரவல் வாங்குங்கள். மேலே ஒரு பந்து இருக்கும், கப்ளர் அதில் உட்காரும். 600 பவுண்டு முன்பாரம் தாங்கும் டோலிகள் சாதாரணமாகக் கிடைக்கின்றன, உங்களுக்கு 140 பவுண்டுதான். கப்ளரைப் பூட்டாமல் நகர்த்தாதீர்கள். டோலியின் பிடியை நெஞ்சுக்கு நேராக வைக்காதீர்கள், சக்கரம் எதிலாவது முட்டினால் பிடி எகிறும். மற்றபடி அகலமான சக்கரம், தாழ்ந்த பாரம், ஜாக்கிக்கு ஓய்வு.

ஸ்கார்பரோ அண்ணை

டோலி இல்லாட்டில் ப்ளைவுட். அரை அங்குலத் தடிப்பு, நீளப்பாட்டிலே கீலம் கீலமாக வெட்டி மூன்று தடம் போடவேணும்: டயருக்கு இரண்டு, நடுவிலே ஜாக்கிக்கு ஒன்று. எல்லோரும் டயருக்குப் போட்டுவிட்டு நடுவை மறந்துவிடுவார்கள். நான் மறந்தேன்.

இன்னும் ஒன்று, அவசரமில்லை என்றால் நவம்பர் கடைசி மட்டும் பொறுங்கோ. பனி விழ முன்னம், தரை இறுகி, புல்லு மொறுமொறுவென்று நிற்கிற ஒரு காலை வரும். அன்றைக்குப் புல்தரை கான்கிரீட் மாதிரித்தான்.

கூடாரவாசி

தெருவில் நிற்கிறது அண்ணை, நகராட்சி நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நவம்பர் வரை தாங்காது. இந்தச் சனிக்கிழமை.

கூடாரவாசி

சனிக்கிழமை முடிந்தது. சொல்கிறேன்.

சட்டத்தைப் பார்த்தேன், விரிசல் இல்லை. டயர் காற்று பாதிதான் இருந்தது. பக்கச்சுவரில் எழுதியிருந்த அளவுக்கு நிரப்பியவுடனேயே வித்தியாசம் தெரிந்தது. மேப்பிள் விறகைக் குறுக்காக அறுத்து இரண்டு ஆப்பு, துடைப்பக்கட்டை இரண்டு. டோலி கிடைக்கவில்லை, ஜாக்கிச் சக்கரம்தான். ஆள் ஐந்து: தள்ள மூன்று பேர், கட்டைக்கு என் மனைவியும் பக்கத்து வீட்டு அக்காவும். "நான் வரவில்லை" என்றவர் திருவாரூரானின் பதிவைப் படித்துவிட்டு "அந்த வேலை என்றால் எனக்குக் கொடு" என்றார்.

தெருவிலேயே வண்டியின் முகத்தைக் கீழ்ப்பக்கம் திருப்பி, பின்பக்கம் முன்னால் போகும்படி ஏற்றினோம். ஜாக்கியை நான்கு விரலுக்கு மேல் நீட்டவில்லை. ட்ரைவ்வே ஏற்றம் பன்னிரண்டு நிமிடம். ஒரு மீட்டர் தள்ளுவோம், "நிறுத்து" என்போம், வண்டி ஒரு சாண் பின்னால் உருண்டு கட்டையில் ஏறி நிற்கும், மூச்சு வாங்குவோம். ஒருமுறை எனக்குச் செருப்பு வழுக்கிக் கையை விட்டேன். மற்ற இருவராலும் பிடிக்க முடியவில்லை. வண்டி ஒரு சாண் போய் நின்றது. யாரும் கத்தவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மட்டும் என்னைப் பார்த்து ஷூ போட்டுக்கொண்டு வா என்றார்.

திருப்பத்தில் ராணி சொன்ன அரைவட்டச் சுழற்சி நடந்தது. தெரிந்திருந்ததால் யாரும் கதவுத்தூண் பக்கம் நிற்கவில்லை. முன்மூக்கு தூணில் இடித்துப் பெயின்ட் கொஞ்சம் போயிற்று.

புல்லில் ப்ளைவுட் மூன்று தடம். தாண்டிய பலகையைத் தூக்கி முன்னால் போடுவதிலேயே பாதி நேரம் போனது. ஓரிடத்தில் சோம்பல்பட்டு நடுப்பலகை இல்லாமல் ஓர் அடி தள்ளிப் பார்த்தோம். சக்கரம் அச்சு வரைக்கும் புதைந்தது. நடுப்பலகையை மறந்தது அண்ணை மட்டும் இல்லை.

மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். இப்போது ஜாக்கியின் அடியில் ஒரு கனமான பலகை, நான்கு பக்கமும் முட்டு, பின்னால் இரண்டு தாங்குகால்.

ஒரு துணுக்கு: இந்த வண்டி 1968இல் வின்னிபெக்கில் ரே ஒலெக்கோ என்பவர் தொடங்கியது. கவிழ்த்துவைத்த பௌலர் தொப்பி மாதிரி இருப்பதால் போலர் என்று பெயர். தள்ளி முடித்துத் தேநீர் குடிக்கும்போது எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம், தொப்பி மாதிரிதான் இருக்கிறது.

திருவாரூரான்

துடைப்பக்கட்டை எத்தனை ஆணி?

கூடாரவாசி

இரண்டு ஸ்க்ரூ. ஆணி முதல் தடவையே கழன்றுவிட்டது.

மிச்சிகன் மாமா

மைத்துனருக்கு இந்தத் திரியை அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை.

புல்வெளி (மில்டன்)

கூடாரவாசி, அந்த ப்ளைவுட் பலகைகளை இன்னும் வைத்திருக்கிறீர்களா? அடுத்த சனிக்கிழமை எனக்குத் தேவைப்படும்.

கூடாரவாசி

இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஈரமும் சேறும், காரில் பழைய துணி விரித்துக்கொண்டு வாருங்கள். கட்டைகளையும் கட்டி வைக்கிறேன்.